வால் விட்ட அன்னம்: பட்டுக் கடைப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய கடைப் பங்காளிகள் அனைவருக்கும், அன்று மாடி ஹாலில் உட்கார்ந்திருந்த நெசவாளர் பெரியவர்களுக்கும்,

வணக்கம். கடைப் பெயரை நான் எழுதவில்லை. எழுதாமலே கும்பகோணத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், மீதிப் பேருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் பெயரும் வேண்டாம். திருபுவனத்தில் புடவை டிசைனைக் கட்டத்தாளில் கிராஃப் போட்டு, அதன்படி தறிக்கு அட்டையில் ஓட்டை குத்துகிறவன், முப்பத்தெட்டு வருஷமாக உங்கள் கடைக்கு வேலை பார்க்கிறவன் என்றால் உங்களுக்குப் புரியும்.

புது டிசைனராக அந்த வெளியூர்ப் பொண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்கக் கூட்டிய கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னீர்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது, கையில் பென்சில் இருந்தால்தான் வரும். அதனால் இந்தக் கடிதம். சின்ன முதலாளி இதை எல்லாருக்கும் படிக்கக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

அந்தப் பொண்ணு ஆறு மாதிரிப் புடவையைக் கொண்டுவந்து ஜமக்காளத்தில் விரித்தாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எல்லாம் சரிம்மா, இது நம்ம பாரம்பரியத்துக்குப் பொருந்துமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் அரை மணி நேரம் அந்த ஒரு சொல்தான் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தது. காபி வந்தபோதுதான் நின்றது. அவள் காபிகூடக் குடிக்காமல் புடவைகளை மடித்தாள். அதிலும் பாருங்கள், விசிறி மடிப்பாகத்தான் மடித்தாள். திருபுவனத்துப் புடவையை எப்படி மடிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை, பார்த்துப் பழகியிருக்கிறாள். இந்த மடிப்புக்கு நாம் கொடுக்கிற மரியாதை என்ன என்று உங்கள் கடையில் ஹேங்கரில் தொங்குகிற புடவைகளைப் பார்த்தால் தெரியும்.

பாரம்பரியம் பாரம்பரியம் என்றீர்களே, அதை என் தொழிலிலிருந்தே பார்க்கலாம். நான் குத்துகிற அட்டை பிரான்சு நாட்டுச் சரக்கு. லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் கொண்டுவந்த பெட்டிக்கானது; அட்டையிலுள்ள ஓட்டைப்படி பாவை, அதாவது நெடுக்கு நூலை, தூக்கிக் கொடுக்கிற பெட்டி. அது வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் அடை என்று நூலில் டிசைனைக் கட்டி வைத்துத்தான் பூ எடுத்தார்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து நூலை இழுத்து இழுத்துக் கொடுப்பான். என் தாத்தா அப்படி இழுத்த பையன். பெட்டி வந்தபோது, இது நெசவே இல்லை என்று தறியை விட்டு எழுந்து போனவர்களும் இருந்தார்கள் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பெட்டியைத்தான் கைத்தறிப் பெருமை என்று போட்டோ எடுத்து மாட்டுகிறோம். நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்கிற எங்களில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். நாயக்கர் காலத்தில் இந்தப் பக்கம் வந்து தங்கியவர்கள் நாம் என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். "வெளியூர்ப் பொண்ணுக்கு நம்ம தறி பிடிபடுமா?" என்று அன்றைக்குக் கேட்ட அண்ணன், வீட்டுக்குப் போய் அதையே அண்ணியிடம் சௌராஷ்டிரத்தில்தான் சொல்லியிருப்பார். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அந்த ஜாபிதாவில்தான் இருக்கிறேன்.

"பொம்பளப் புள்ளைக்குத் தறி என்ன தெரியும்" என்று பின்வரிசையிலிருந்து வந்ததே, அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. தறிக்குத் தார் சுற்றுகிற பெண்களும் பாவு பிணைக்கிற பெண்களும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். நடந்ததைப் போனில் சொன்னேன். சிரித்தாள். "அப்பா, இதே பஞ்சாயத்து பாரிஸில் எழுபது வருஷமா நடக்குது" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாலு ராத்திரி அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். அதில் சில உங்களுக்கும் உபயோகப்படும்.

கிறிஸ்தியன் தியோர் என்றொருவர். 1946-ல் ஒரு பருத்தி மில் முதலாளி பணம் போட, தையல் வீடு தொடங்கினார். 1947 பிப்ரவரியில் முதல் வரிசையைக் காட்டினார். இடுப்பைச் சிறுத்து, பாவாடையை அகலவிட்ட அந்த உருவம்தான் அந்த வீட்டின் முகம் ஆனது. பத்தே வருஷம். 1957-ல் திடீரென்று இறந்துபோனார். அவரிடம் உதவியாளாக இருந்த ஈவ் சான் லோரான் என்ற பையனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வயது இருபத்தொன்று. அடுத்த வருஷமே அவன் இடுப்பை அவிழ்த்துவிட்டு, தோளிலிருந்து விரிந்து இறங்குகிற மாதிரி ஒரு வெட்டு காட்டினான். தியோருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இடுப்புதான், பையன் அதிலேயே கைவைத்தான்! ஆனால் ஊரே கொண்டாடியது. அந்தத் தைரியத்தில் 1960-ல் கறுப்புத் தோல் சட்டை, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையன்கள் போடுகிற மாதிரி. வாடிக்கைக்காரச் சீமாட்டிகளுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு ராணுவத்திலிருந்து அழைப்பும் வந்தது. வீட்டார் நாற்காலியை மார்க் போஹான் என்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போஹான் பொருத்தமான ஆள். யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. 1989 வரைக்கும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் கடையை நடத்தினார், வியாபாரமும் நடந்தது. வெளியே தள்ளப்பட்ட பையன் 1961-ல் தன் பேரிலேயே வீடு தொடங்கினான். ஆண்கள் விருந்துக்குப் போடுகிற கோட்டு சூட்டை 1966-ல் பெண்களுக்குத் தைத்தான். தியோர் வீட்டுக்குப் பொருந்தாத அந்தக் கைதான் இன்னொரு வீட்டுக்கு அஸ்திவாரம். இன்றைக்கு அந்த வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், "இது சான் லோரான் பாரம்பரியத்துக்குப் பொருந்துமா?" என்று அங்கேயும் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்.

நான் போஹானைக் குறைத்துச் சொல்லவில்லை. அட்டை குத்துகிறவனுக்கு போஹான் மாதிரி முதலாளிதான் சௌகரியம். முப்பது வருஷம் தறி ஓடியிருக்கிறது என்றால் அது சாதாரணமா?

இன்னொரு வீடு ஷனெல். அதைத் தொடங்கிய ஷனெல் அம்மா 1971-ல் காலமானார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அந்த வீடு மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. அம்மா என்ன செய்தாரோ அதையே திரும்பத் திரும்பத் தைத்தார்கள். பொருத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, வாங்கத்தான் ஆள் இல்லை. 1983-ல் கார்ல் லாகர்ஃபெல்ட் என்ற ஜெர்மன்காரரைக் கூட்டிவந்தார்கள். பிரெஞ்சு வீட்டுக்கு ஜெர்மன்காரனா என்று முணுமுணுப்பு. மனிதர் அம்மாவுடைய ட்வீட் கம்பளிச் சட்டையை எடுத்தார், சங்கிலியை எடுத்தார், காமெலியா பூவை எடுத்தார். எடுத்து இழுத்தார், சுருக்கினார், பெரிதாக்கினார், கேலிகூடச் செய்தார். 2019-ல் இறக்கிற வரைக்கும் முப்பத்தாறு வருஷம். அவர் காலத்தில்தான், 2002-ல், பூவேலை செய்கிற லெசாஜ் என்ற பழைய பட்டறையை ஷனெல் வீடு வாங்கிக்கொண்டது. பட்டறை மூடிப்போனால் கைவேலையும் போய்விடும் என்று தெரிந்தவர்கள் செய்த காரியம். டிசைனரைப் பற்றி ஆயிரம் பேசலாம். ஊசி பிடிக்கிற கைக்கு அடுத்த மாசச் சம்பளத்துக்கு வழி செய்தது அந்த வீடு. இந்த இடத்தைப் பங்காளிகள் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

எல்லாம் நல்லபடி முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். ஜிவான்ஷி என்ற வீடு, சினிமா நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்குத் தைத்துப் பேர் வாங்கிய அமைதியான வீடு. அங்கே 1996-ல் லண்டன் தையல்காரர் அலெக்சாண்டர் மெக்வீனைக் கொண்டுபோய் வைத்தார்கள். மகா கெட்டிக்காரர். ஆனாலும் அந்த வீட்டோடு அவர் ஒட்டவே இல்லை, 2001-ல் கிளம்பிவிட்டார். செலின் வீட்டில் ஃபீபி ஃபைலோ என்ற அம்மா பத்து வருஷம் இருந்து, வேலைக்குப் போகிற பெண்களுக்கென்று ஒரு துணி செய்து வைத்தார். 2018-ல் புதிதாக வந்த எடி ஸ்லிமான் முதல் வேலையாகக் கடைப் பேரில் ஓர் எழுத்தின் தலையிலிருந்த சின்னக் கோட்டை எடுத்தார். அந்தக் கோட்டுக்காக எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள் என்று மகள் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அப்புறம் யோசித்தேன். ஒரு கோடு என்றால் என்ன என்று எனக்கா தெரியாது?

அதைத்தான் சொல்ல வந்தேன்.

உங்கள் கடையின் கல்யாணப் புடவை என்றால் கரையில் ஓடுகிற அன்னம். விளம்பரத்தில் அது, பையில் அது, வாசல் கண்ணாடியில் அது. 'வால் விட்ட அன்னம்' என்று வாடிக்கைக்காரர்களே பேர் சொல்லிக் கேட்பார்கள். உடம்பு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நடுவே மயிரிழை அளவுக்கு இடைவெளி. அது எப்படி வந்தது என்று கூட்டத்தில் இருந்த யாருக்காவது தெரியுமா?

1983 வைகாசி. எனக்குப் பதினைந்து வயசு. (மகள் லாகர்ஃபெல்ட் வந்த வருஷத்தைச் சொன்னதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.) பாவு நூலைத் தூக்குகிற கொக்கி 240 உள்ள பெட்டி. ஒரு கொக்கி தூக்கவில்லை. ஒரு கொக்கி தூக்காவிட்டால் அந்த இடத்தில் கரை நெடுக ஒரு வெறும் கோடு விழும். ரிப்பேர் பார்க்கிறவர் ஊரில் இல்லை. முகூர்த்தத்துக்கு ஒன்பதே நாள், புடவை மூன்று. அப்பா ராத்திரி அரிக்கேன் விளக்கில் கிராஃபைத் திரும்பப் போட்டார். தூக்காத கொக்கி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டம், அன்னத்தின் உடம்பு முடிந்து வால் தொடங்குகிற இடத்தில் வருகிற மாதிரி உருவத்தையே நகர்த்தினார். கழுதைப் பொதி மாதிரி தொங்கிய வாலைக் கொஞ்சம் தூக்கிச் சுருட்டிவிட்டார். விடிகிற வரைக்கும் நான்தான் அட்டையில் நூல் கோத்தேன். புடவை போயிற்று. அடுத்த மாதம் அதே குடும்பத்துச் சம்பந்தி வீட்டார் வந்து, "அந்த வால் விட்ட அன்னம்தான் வேணும்" என்றார்கள். கொக்கியை அதற்குள் சரி செய்தாகிவிட்டது. அப்பா யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வியாபாரிகள், வாடிக்கையாளர்கள், அதிகாரிகள், போட்டோ எடுக்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தரும் கேட்டதில்லை. போன தை மாதம் அந்தப் பொண்ணு வந்தாள். பூதக்கண்ணாடியைக் கரையில் வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினாள். விரல் நின்றது. "மாமா, இங்க மட்டும் ஒரு கட்டம் வெறுமையா ஓடுதே, எல்லா அன்னத்துலயும் ஒரே இடத்துல. கொக்கி ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அவள் பொருந்துவாளா என்று நீங்கள் கேட்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அன்றைக்கே முடிந்துபோன கேள்வி அது.

இனி அந்த ஆறு புடவை. ஐந்தாவது எனக்கும் பிடிக்கவில்லை. அந்தச் சாம்பல் நிறத்தில் முகூர்த்தத்துக்கு யார் உட்காருவார்கள்? அவளிடமே சொன்னேன், நோட்டில் எழுதிக்கொண்டாள். முதல் இரண்டும் விற்கும். மூன்றாவது நெய்யவே கஷ்டம், கூலி கட்டாது. ஆனால் நாலாவது புடவைக்கு நீங்கள் செய்தது அநியாயம். உடம்பு முழுக்கக் கட்டம், ஒடுக்கமான கரை. "லுங்கி மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தீர்கள். ஐயா, அது கூறைநாட்டுக் கட்டம். மாயவரத்துக்குள்ளேயே இருக்கிற கூறைநாடு. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த அந்தக் கட்டப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் இந்த டெல்டாவில் எத்தனையோ பாட்டிமார் தாலி வாங்கினார்கள். இன்றைக்குக் காஞ்சிபுரம் பட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதையும் நாம் கூறைப்புடவை என்றுதான் சொல்கிறோம். பேர் இருக்கிறது, துணியைக் காணோம். அந்தத் துணியை ஒரு இருபத்தாறு வயசுப் பொண்ணு தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால், பாரம்பரியத்துக்குப் பொருந்தவில்லை என்று நாம் சொல்கிறோம். அவள் அப்போதும் விளக்கம் சொல்லவில்லை, பெரியவர்கள் முன்னால் வாயடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். சொல்லியிருக்க வேண்டும்.

கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் கொடாலிக்கருப்பூர் இருக்கிறதே, அந்த ஊர்ப் புடவையைப் பற்றிப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். மெழுகால் எழுதிச் சாயம் ஏற்றி, ஊடே ஜரிகை ஓட்டிய பருத்தி. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனைக்கென்றே நெய்த துணி. அரண்மனை ருசிக்கு அது அச்சுக் குத்தினாற்போலப் பொருந்தியது. 1855-ல் இரண்டாம் சிவாஜி ராஜா ஆண் வாரிசில்லாமல் காலமானார், கம்பெனிக்காரன் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான். கட்ட ஆள் போனதும் நெய்கிற கையும் மெல்ல மெல்லப் போயிற்று. இப்போது பார்க்க வேண்டுமென்றால் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். அந்தத் தறிகளுக்கு வேறு யாருக்காவது நெய்யச் சொல்லிக்கொடுக்க ஒரு வெளியாள் வந்திருந்தால் என்று சில சமயம் நினைப்பேன். வந்திருந்தால் அவரையும் மாடி ஹாலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருப்போம்.

பங்காளிகளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையை ஏசி ஷோரூமாக மாற்றிய வருஷம், பின்கட்டு அறையிலிருந்த பழைய கிராஃப் தாள்களையும் மாதிரித் துண்டுகளையும் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டீர்கள். எனக்குச் செய்தி வந்து ஓடி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. என் அப்பா போட்டது, அவருக்கு முன்னால் இருந்தவர் போட்டது, எல்லாம் போயிற்று. பாரிஸ் வீடுகள் தாங்கள் என்றைக்கோ விற்ற பழைய உடுப்பை ஏலத்தில் தேடிப் போய்க் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகின்றனவாம், புதிதாக வருகிறவர் எடுத்துப் பார்ப்பதற்காக. லாகர்ஃபெல்டுக்கு இழுத்துப் பார்க்க அந்த அம்மாவின் சட்டை இருந்தது. இந்தப் பொண்ணு இழுத்துப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது? விளம்பரப் பலகை இருக்கிறது.

அவளை வைத்துக்கொள்வதென்றால் ஒரு சீசனுக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குச்சி என்ற இத்தாலிய வீட்டில் 2023-ல் ஒருவரைக் கொண்டுவந்து, 2025 தொடக்கத்திலேயே அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும். தறிக்குக் கட்டுப்படியாகாது. ஒரு ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கு நூலுக்கு, ஓர் அட்டை. புது டிசைன் என்றால் கிராஃப், அட்டை, அட்டை கோக்கிற வேலை எல்லாம் புதிது. கரை அகலம் மாறினால் பெட்டியின் கயிற்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அத்தனை நாளும் தறி நிற்கும். எங்களுக்குக் கூலி புடவைக்கு, நாளுக்கு அல்ல. அவள் ஒரு முழுப் பாவு முடிகிற வரைக்கும் குழித்தறிப் பக்கத்தில் உட்காரட்டும். உட்கார அவள் தயார், என்னிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பாவுக்கு நெய்கிறவருக்கு நாள் கூலி கொடுங்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷமாவது விடுங்கள். இரண்டு தீபாவளி சரியாகப் போகாமலும் இருக்கலாம், அதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். அவள் பேரைக் கடைப் பேருக்குப் பக்கத்தில் போடுவதா என்று சின்ன முதலாளி கேட்டிருந்தார். போடுங்கள். நெய்தவர் பேரையும் ஒரு சின்னத் துண்டில் எழுதி மடிப்புக்குள் வையுங்கள்.

எடைக்குப் போகாமல் தப்பிய கிராஃப் நோட்டு மூன்று என் வீட்டில் இருக்கிறது. ஒன்றில் கரையான் அரித்த பக்கங்கள் உண்டு. 1983 வைகாசி ராத்திரி அப்பா போட்ட தாள், எண்ணெய்க் கறையோடு, இரண்டாவது நோட்டில் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். கண்ணாடி போட்டு ஷோரூமில் மாட்ட வேண்டாம். அவள் மேசைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
திருபுவனத்து அட்டைக்காரன்

பி.கு.: நாலாவது மாதிரிப் புடவைக்காகத் தறி பதினொரு நாள் நின்றது. நெய்தவர் கூலியை மூன்று தடவை கேட்டுவிட்டார். கணக்குப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவும்.